ரோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், "மழைக்குப் பிறகு சாலையோரம் மண் உள்வாங்கினால், மூடுவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே பாருங்கள்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வழக்கமாகப் போர்வெல்லுக்கு எங்கே புள்ளி வைக்கலாம் என்று கேட்பவர்கள்கூட இந்தத் தடவை குழியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். நிலத்தில் கம்பி ஊன்றிக் கரண்ட் விட்டு, மண்ணின் மின்தடையை, அதாவது மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ரோடு போடுகிற பொறியாளர் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபமான கடிதங்களைச் சுருக்கவில்லை.

கேள்வி: அம்மா, எங்கள் வீடு கருங்கல் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே பாசனக் கால்வாய், நடுவே ரோடு, கீழே வயல். ஐப்பசி மழையில் எங்கள் மதிலை ஒட்டி ரோட்டோரம் இடுப்பளவு குழி விழுந்தது. இரண்டு டெம்போ பாறைப்பொடி கொட்டி மூடினார்கள். கார்த்திகையில் அதே இடம் மறுபடியும் இறங்கிவிட்டது. மெஷின் வைத்து ஸ்கேன் பண்ணினால் தெரியும் என்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது? வீட்டுக்கு ஆபத்து உண்டா?
– இல்லத்தரசி, கருங்கல்

கொட்டிய இரண்டு டெம்போ பாறைப்பொடி எங்கே போனது? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். மண் தானாக நடந்து போகாது. சுமந்து போகத் தண்ணீர் வேண்டும், போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இந்த இரண்டையும் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு மெஷின் வேண்டியதில்லை.

உங்கள் சரிவில் சந்தேகப்பட வேண்டியவை நாலு. ஒன்று, ரோட்டைக் குறுக்கே கடக்கும் பழைய கல்வெர்ட் அல்லது சிமென்ட் குழாய். அதன் இணைப்பு விலகியிருந்தால் சுற்றியுள்ள மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கிப் போய்விடும். இரண்டு, குடிநீர்க் குழாய்க் கசிவு. மூன்று, மேலே இருக்கும் கால்வாயின் கரையில் இருந்து வரும் கசிவு. நான்காவதுதான் பலருக்கும் தெரியாதது. நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மேலே கெட்டியான வெட்டுக்கல் இருக்கும். வீடு கட்ட வெட்டி எடுக்கிறோமே, அதே கல்தான். அதற்கு அடியில் பல இடங்களில் வெளுத்த, மிருதுவான களிமண் அடுக்கு வருகிறது. சரிவில் ஊறி இறங்கும் தண்ணீர் அந்த மிருதுவான அடுக்கை அரித்துக்கொண்டு வெளியேற ஆரம்பித்தால் உள்ளே குழாய் போல ஒரு வழி உண்டாகிவிடும். மேலே வெட்டுக்கல் கூரையாக நிற்பதால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. தாங்க முடியாத அளவுக்குக் கூரை அகலமான அன்றுதான் விழும்.

இது நான் கற்பனையாகச் சொல்வது இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கண்ணூர், இடுக்கி மலைப் பகுதிகளில் இப்படி மண்ணுக்குள் குழாய் போல வழி விழுந்து நிலம் தாழ்ந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையத்துக்காரர்கள் அந்த இடங்களில் மின்தடைப் படம் எடுத்து உள்ளே ஓடும் வழிகளைத் தேடினார்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. முதலில், குழியின் ஓரத்தில் போய் நிற்காதீர்கள். இந்த மாதிரிக் குழிகள் வாய் குறுகியும் உள்ளே அகன்றும் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடியிலேயே வெற்றிடம் இருக்கலாம். தூர நின்று, நீளமான கம்பில் போனைக் கட்டி உள்ளே படம் எடுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள். கல் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறதா என்று கவனியுங்கள். சாய்ந்தால் எந்தப் பக்கம்? அந்த ஒரு தகவல் அளவெடுக்க வருபவருக்குப் பெரிய உதவி.

அப்புறம் கீழே வயலுக்குப் போங்கள். வரப்பின் அடியில் எங்காவது தண்ணி ஊறி வருகிறதா? தெளிந்த ஊற்று என்றால் பயப்பட ஒன்றுமில்லை, நம் ஊரில் எந்தச் சரிவிலும் ஊற்று உண்டு. கலங்கி வந்தால் அது உங்கள் ரோட்டு மண்ணைக் கொண்டு வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மேலே கால்வாயில் தண்ணீர் நிறுத்தியிருக்கும் பங்குனி, சித்திரையில் குழி அசையாமல் கிடந்து, கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் இறங்க ஆரம்பித்தால் கால்வாயைக் கேளுங்கள். கால்வாய் வறண்டு, மழையும் இல்லாத நாளில் குழிக்குள் ஈரம் என்றால் குடிநீர்க் குழாயைக் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கருவி. உங்கள் இடத்துக்கு நான் முதலில் கேட்பது மின்தடைப் படம். ரோட்டோரமாக ஒரு மீட்டருக்கு ஒன்றாக 48 கம்பிகளை வரிசையாக ஊன்றுவார்கள். வரிசையின் நீளம் 47 மீட்டர். எல்லாவற்றையும் ஒரே கேபிளில் மாட்டிவிட்டால், கருவி தானாக நாலு நாலு கம்பியாகத் தேர்ந்தெடுக்கும். இரண்டு கம்பி வழியாக மின்சாரம் உள்ளே போகும், மற்ற இரண்டில் வோல்டேஜ் அளக்கப்படும். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் மேல்மண்ணைச் சொல்லும், தள்ளித் தள்ளி இருப்பவை ஆழத்தைச் சொல்லும். மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோதான் பார்க்கக்கூடிய ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 மீட்டர் வரிசைக்கு எட்டு மீட்டர் சொச்சம். ரோட்டுக் குழிக்கு அது தாராளம். இன்னும் ஆழம் வேண்டும் என்று கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் சின்னக் குழிகள் கண்ணில் படாமல் போகும். தாருக்குள் கம்பி ஊன்ற முடியாது, ஓர மண்ணில்தான் ஊன்ற வேண்டும். காய்ந்த வெட்டுக்கல்லில் கம்பி பிடிக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றித்தான் ஊன்றுவோம், சுத்தியல் பிடித்த கை வீங்கிவிடும்.

இந்த முறையில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. காற்று நிறைந்த வெற்றிடம் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் படத்தில் தடை அதிகமான இடமாக, சிவப்பாகத் தெரியும். காய்ந்த வெட்டுக்கல்லும் அப்படியே தடை அதிகமாகத் தெரியும். அடியில் கெட்டியான சார்னோக்கைட் பாறை இருந்தால் அதுவும் அப்படியே. சிவப்புக்குள் சிவப்பைத் தேட வேண்டும். அதே குழிக்குள் மழைத் தண்ணீரோ தொளியோ (சேறோ) நிறைந்திருந்தால் தடை குறைந்து நீலமாகிவிடும். அதனால் ஒரே வரிசையில் இரண்டு முறை அளக்கச் சொல்லுவேன். வெயில் காலத்தில் ஒருமுறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை. இரண்டு படங்களுக்கும் இடையில் எந்த இடம் மாறியிருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் நடமாடுகிறது. ஒரு படத்தை வைத்து அடித்துச் சொல்பவரைவிட, இரண்டு படங்களை வைத்துத் தயங்கிச் சொல்பவரை நான் நம்புவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வண்ணப் படம் புகைப்படம் இல்லை. மேலே அளந்த எண்களுக்குப் பொருந்துகிற மாதிரி கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்தது. அதே எண்களுக்குப் பொருந்தும் வேறு படங்களும் உண்டு. எனவே சந்தேகமான இடத்தில் ஆகர் (மண்ணைத் துளைக்கும் கருவி) வைத்து ஒரு துளையாவது போட்டுப் பார்க்காமல், சிவப்பாகத் தெரிந்தது என்பதற்காக யாரும் சிமென்ட் பம்ப் பண்ண விடாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது என்றால், ரோடு யாருடையதோ அவர்களைத்தான். ஊராட்சியா, மாநில நெடுஞ்சாலையா என்று தெரிந்துகொண்டு, குழி இறங்கிய தேதிகளையும் படங்களையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அளவெடுத்து அறிக்கை வந்தால் அதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: அளந்த கோடுகள் எங்கே போயின என்ற வரைபடம், அளந்த எண்கள், துளை போட்டுச் சரிபார்த்த விவரம். வெறும் வண்ணப் படம் மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

வீட்டுக்கு ஆபத்தா என்பதைக் கடிதத்தில் இருந்து சொல்ல முடியாது. மதிலில் புது விரிசல், ரோட்டுப் பக்க அறையின் கதவு திடீரென்று இறுகுவது, தரை ஓட்டில் இடைவெளி, இவை இருந்தால் உடனே ஒரு கட்டடப் பொறியாளரை அழையுங்கள். அதுவரை அந்தப் பக்கம் காரை நிறுத்த வேண்டாம். மாடித் தண்ணீர் குழாய் அந்த மூலையில் கொட்டுகிறது என்றால் இன்றைக்கே திருப்பி விடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்தே நீரோட்டம் சொல்கிறார். தேங்காய் எழுந்து நிற்கிறது. ரோட்டுக் குழியையும் அவரிடமே கேட்டால் என்ன?
– குலசேகரம் வாசகர்

கேளுங்கள். அவர் சொன்ன இடத்திலும், சொல்லாத இடத்திலும் ஒரு துளை போட்டுப் பாருங்கள். எங்கள் கருவிக்கும் இதே பரீட்சைதான். மலையடிவாரத்தில் மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் உங்களுடையது. எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் ஈரம் இருக்கும் இடத்தில் தேங்காய் தோற்பது கஷ்டம்.

கேள்வி: நான் சிவில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தரை ஊடுருவும் ராடார் இருக்கும்போது கம்பி ஊன்றுவதெல்லாம் பழைய முறை என்கிறார் எங்கள் சீனியர். ராடார் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனால் உடனே படம் வருமே?
– மாணவர், நாகர்கோவில்

வரும். எங்கே வரும் என்பதுதான் விஷயம்.

ராடார் ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை நானோ செகண்டில் அளக்கிறது. காய்ந்த மணலில் அலை நன்றாக இறங்கும். முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரைச் சாலையில் மேல்மணல் காய்ந்திருக்கும்போது அழகாகப் படம் வரும். அடியில் உப்பு நீர் மட்டம் வந்ததும் அலை அங்கேயே செத்துவிடும். நாஞ்சில் நாட்டு வயல் நடுவே போகும் ரோட்டில், ஈரக் களிமண்ணில், ஒரு மீட்டர் தாண்டுவதே சிரமம். வெட்டுக்கல் இரண்டுக்கும் நடுவில். கோடையில் பரவாயில்லை, மழையில் மோசம்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார். எதிரொலி 40 நானோ செகண்டில் வந்தது என்று வைத்துக்கொள். அலையின் வேகம் நானோ செகண்டுக்கு 0.1 மீட்டர் என்றால், போக வர இரண்டு பயணம், ஆழம் 2 மீட்டர். மண் நனைந்து வேகம் 0.06 ஆகக் குறைந்திருந்தால் அதே எதிரொலிக்கு ஆழம் 1.2 மீட்டர்தான். மானிட்டரில் தெரியும் ஆழ அளவு யாரோ டைப் பண்ணின வேகத்தில் இருந்து வருகிறது. ஆழம் தெரிந்த ஒரு கல்வெர்ட் மேல் முதலில் வண்டியை ஓட்டி, வேகத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் குழியைத் தேட வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்த அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன், அச்சு மட்டும் பளபளவென்று இருந்தது.

ராடாரின் பலம் தாருக்கும் கான்கிரீட்டுக்கும் நேர் அடியில் இருக்கும் வெற்றிடம். கான்கிரீட்டில் இருந்து காற்றுக்குள் நுழையும் இடத்தில் எதிரொலி பலமாகவும், தலைகீழாகத் திரும்பியும் வரும். அதை வேறு எந்த முறையும் அவ்வளவு சீக்கிரம் காட்டாது. ரோட்டில் ஓட்டும் ராடார் சாதாரணமாக இரண்டு மீட்டர் சொச்சம் பார்க்கும். 2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் யாஷியோ நகரில் ஒரு நாற்சந்தியில் லாரி உள்ளே போனதே, அங்கே பழுதான கழிவுநீர்க் குழாய் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் கிடந்தது, குழாயின் விட்டமே ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ராடார் வண்டிகள் வழக்கமாக ஓடும் நாடு அது. அந்த ஆழம் ராடாருக்கு எட்டாது. டிரைவர் பிழைக்கவில்லை.

உன் சீனியர் சொல்லாத இன்னொரு முறை இருக்கிறது. தரையில் சம்மட்டியால் அடித்து, வரிசையாக வைத்த ஜியோபோன்களில் (தரையின் அதிர்வை உணரும் கருவிகள்) மேற்பரப்பு அலை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது. பழுத்த பலாவைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் எங்கள் அம்மச்சிக்கு இது உடனே புரிந்திருக்கும். இளகிய மண்ணில் வேகம் நொடிக்கு 100, 150 மீட்டர் என்று சரியும், கெட்டிப்பட்ட இடத்தில் பல மடங்கு ஏறும். குழி இன்னும் விழவில்லை, மண் மட்டும் இளகிக்கொண்டிருக்கிறது என்ற கட்டத்தில் இது பயன்படும். ஜியோபோன்களைத் தகட்டில் பொருத்தி இழுத்துக்கொண்டே போகலாம், தாரைத் துளைக்க வேண்டாம். அதே சம்மட்டியை வைத்துச் செய்யும் அதிர்வலை விலகல் (ரிஃப்ராக்‌ஷன்) முறையை நம்பாதே. கெட்டியான அடுக்குக்கு அடியில் மிருதுவான அடுக்கு வந்தால் அதற்குக் கண் தெரியாது. நம் வெட்டுக்கல் அமைப்பு அப்படியே அதுதான்.

ஈர்ப்பு விசையை அளந்தும் குழி தேடுவார்கள். சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்கு நல்லது. நம் ரோட்டுக்கு? இரண்டு மீட்டர் விட்டமுள்ள காலிக் கோளம், அதன் மையம் மூன்று மீட்டர் ஆழத்தில் என்று வைத்து நீயே கணக்குப் போடு. ஈர்ப்பில் குறைவது சுமார் 5 மைக்ரோ கேல் (ஈர்ப்பின் மிகச் சின்ன அலகு). கருவி வைக்கும் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே 3 மைக்ரோ கேல் மாறும். பக்கத்தில் ரப்பர் மரம் ஏற்றிய லாரி போனால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

ஆக, எது நல்ல முறை என்று கேட்காதே. எந்த மண், எவ்வளவு ஆழம், குழிக்குள் காற்றா தண்ணீரா என்று கேள்.

கேள்வி: மணவாளக்குறிச்சி மண்ணில் கதிர்வீச்சு உண்டே, அது ராடாரைக் கெடுக்காதா?
– மண்டைக்காடு வாசகர்

கெடுக்காது. அந்த மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்தின் கதிர்வீச்சுக்கும் ரேடியோ அலைக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அங்கே ராடாருக்கு எதிரி கடல் தண்ணீர்தான்.

கேள்வி: நான் ரோடு வேலையில் பல வருஷம் இருந்த ஒப்பந்தக்காரன். ரோட்டில் குழி விழுந்தால் அரை மணி நேரத்தில் நாலு பக்கமும் வண்டி நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும், வார்டு மெம்பர் வந்து கத்துவார். ஜேசிபியைக் கூப்பிட்டு மூடுவதா, உங்கள் கம்பியை ஊன்றிக்கொண்டு உட்காருவதா? ஆபீசில் இருந்து எழுதுவது சுலபம்.
– மார்த்தாண்டம்

ஐயா, என் வேலையில் பாதி ஆபீசில் இல்லை, முள்ளுக்காட்டில். போகட்டும். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மார்த்தாண்டம் ஜங்ஷனில் ஒரு பக்கம் அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

வேகமாக மூடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8 அன்று ஜப்பானின் ஃபுகுவோகாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து வழிச் சாலையே உள்ளே போனது. சுமார் 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். ஒரே வாரத்தில் மூடிச் சாலையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அங்கே அடியில் சுரங்க ரயில் வேலை நடந்துகொண்டிருந்தது, மூடுவதற்கு முன்னால் காரணம் என்ன என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மூடுவதற்கும் கையில் கிடைத்த மண்ணைப் போடவில்லை. சிமென்ட் கலந்த மண் குழம்பு, தண்ணீருக்குள்ளும் இறுகுவது. 2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில் ஒரு மாநகரப் பேருந்தும் காரும் இறங்கியபோதும் இதே கதைதான், கீழே மெட்ரோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

காரணம் தெரியாத குழியில் பாறைப்பொடியைக் கொட்டுவதுதான் எனக்குப் பிரச்சினை. பொடி நுணுக்கம். தண்ணீர் வழி திறந்தே இருந்தால் அடுத்த மழையில் அதையும் எடுத்துக்கொண்டு போகும். நீங்களே மறுபடியும் பில் போட வேண்டியிருக்கும் (சிலருக்கு அதில் வருத்தமில்லை, உங்களைச் சொல்லவில்லை). அதோடு, குழியின் தொண்டை எந்தப் பக்கம் போகிறது என்ற அடையாளமும் மூடிப் போய்விடும். பிறகு வந்து மின்தடை அளப்பவருக்கு நீங்கள் கொட்டியதுதான் தெரியும்.

நான் கேட்பது ஜேசிபி வரும் வரை இருக்கிற நேரத்தைத்தான். அதற்குள் நாலு பக்கத்தில் இருந்தும் படம், அளவு, உள்ளே எந்தத் திசையில் துளை, தண்ணீர் வருகிறதா போகிறதா. இதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால் போதும். கல்வெர்ட்டோ குழாயோ உடைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. இயற்கையான நீர்வழி என்று தெரிந்தால், தொண்டையில் சிக்கி நிற்கிற அளவு பெரிய கற்களை முதலில் போட்டு, அதற்கு மேல் சின்னக் கல், ஜல்லி, மணல் என்று படிப்படியாகக் குறைத்து, வடிகட்டும் துணி விரித்து, பிறகு மண்ணும் மெட்டலும். தண்ணீர் போகும், மண் போகாது. அந்த இடத்தை சிமென்ட் வைத்து முழுசாக அடைத்தீர்கள் என்றால் தண்ணீர் நிற்காது, பத்தடி தள்ளி வேறு வீட்டு வாசலில் வழி தேடும். கல் அடுக்கத் தெரிந்த பழைய ஆட்கள் உங்களிடம் இருப்பார்கள், எனக்குச் சொல்லித்தந்தவர்களும் அவர்கள்தான்.

கேள்வி: இணையத்தில் குவாத்தமாலா நகரத்தில் ஒரு கட்டடத்தையே விழுங்கிய பள்ளத்தின் படம் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகள், நம் ஊரிலும் இப்படி விழுமா டீச்சர் என்று கேட்கிறார்கள்.
– பள்ளி ஆசிரியை, பூதப்பாண்டி

அந்த அளவுக்கு விழாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நல்ல பாடம்.

2010 மே மாதம் புயல் மழையில் குவாத்தமாலாவில் விழுந்தது சுமார் 20 மீட்டர் அகலம், 90 மீட்டர் ஆழம். அந்த ஊர் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த, சரியாக இறுகாத மண்ணின் மேல் நிற்கிறது. கழிவுநீர் கசிந்து அதை அரித்துக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சுண்ணாம்புப் பாறை, தென்னாப்பிரிக்காவின் கௌடெங் பகுதியில் டோலமைட். இந்தப் பாறைகள் தண்ணீரில் மெதுவாகக் கரையும், குகை உண்டாகும்.

நமக்கு அடியில் சார்னோக்கைட், கொண்டலைட், நைஸ் வகைப் பாறைகள். உங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து பார்த்தால் தெரிகிற மலைகளும் இந்தக் கெட்டிப் பாறைகள்தான். இவை கரைந்து குகை ஆகாது. வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகும், அவ்வளவுதான். அதனால் நம் பள்ளம் சிதைந்த மண்ணின் ஆழத்துக்கு மேல் போகாது. பிள்ளைகளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். இடுப்பளவு குழி கட்டடத்தை விழுங்காது, இருட்டில் வரும் ஸ்கூட்டருக்கு அது போதும். ரோட்டில் வட்டமாக விரிசல் விட்டிருந்தால், மழை இல்லாத நாளில் ஒரு இடம் மட்டும் நனைந்திருந்தால், விளக்குக் கம்பம் புதிதாகச் சாய்ந்திருந்தால் பெரியவர்களிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடைக்கோ குழாய்க்கோ வெட்டி மூடிய இடங்களில் முதல் மழைக்காலத்தில் இதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் மஸ்கட்டில் இருக்கிறேன். அழகியமண்டபம் பக்கம் ரோட்டை ஒட்டி வாங்கிய மனையில் முன்பு ஒரு கிணறு இருந்ததாகவும், ரோடு அகலப்படுத்தியபோது மூடிவிட்டதாகவும் இப்போது சொல்கிறார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டு அஸ்திவாரம் அதன் மேல் வந்துவிடக் கூடாது. ஸ்கேன் பண்ணலாமா?

பண்ணலாம். மூடிய கிணறு எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் தேடும் பொருளின் உருவம் நமக்கே தெரியும். வட்டம், இரண்டு மூன்று மீட்டர் விட்டம், நேராகக் கீழே போவது. குப்பையும் செங்கல்லும் போட்டு மூடியிருப்பார்கள், அது சுற்றியுள்ள மண்ணைவிட வேறு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஒரு வரிசை போதாது. ஒரு மீட்டர் இடைவெளியில் கம்பி வைத்து, இரண்டு மீட்டருக்கு ஒரு வரிசையாக மனை முழுக்க அளக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் அதே இடத்தில் மாறுபாடு தெரிந்து, வட்டமாக முடிந்தால் அதுதான். மேல்மண் காய்ந்திருந்தால் ராடாரும் உதவும்.

அதற்கு முன் செலவில்லாத இரண்டு வேலை. தாலுகா அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணின் பழைய புலப்பட நகலை வாங்கிப் பாருங்கள், கிணறு குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்தது, அக்கம்பக்கத்தில் எழுபது வயது தாண்டிய அம்மச்சிகள் யாராவது இருந்தால் அம்மாவை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஆண்களிடம் கேட்டால் "அங்கேதான் எங்கேயோ" என்பார்கள். தண்ணீர் கோரிச் சுமந்தவர்களுக்கு எத்தனை எட்டு என்று தெரியும்.

கிடைத்தால், மேல் மண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். தென்னை மட்டையும் வாழைத் தண்டும் போட்டு மூடிய கிணறுகள் உள்ளே மட்கி, பல வருடம் கழித்து இறங்கும். தோண்டி எடுத்து, அடியில் இருந்து முறையாக நிரப்பிய பிறகும் அஸ்திவாரத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

கேள்வி: எங்கள் தெருவில் கம்பி ஊன்றிக் கரண்ட் விட்டார்கள். என் கிணற்றில் மீன் இருக்கிறது, ஆடும் அங்கேதான் மேயும். ஒன்றும் ஆகாதே?
– திருவட்டாறு வாசகி

மீனுக்கு ஒன்றும் ஆகாது. தரைக்குள் போகும் மின்சாரம் மில்லி ஆம்பியர் கணக்கில், துண்டு துண்டாகப் போவது. கம்பிகளுக்கு இடையில் மட்டும் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், அதைத் தொட்டால் நல்ல அடி விழும். அளக்கும்போது ஆட்டைக் கட்டிப் போடுங்கள். ஆட்டுக்கும் நல்லது, கேபிளுக்கும் நல்லது. எங்கள் கேபிளைக் கடித்தது பெரும்பாலும் ஆடுதான்.